மெஷினின் பாதுகாப்பு கார்டைக் கழற்றியது தொழிலாளிதான், அதனால் முதலாளி தப்பிவிடுவாரா?

கோவை கணபதியில் தகடு அடிக்கும் சிறிய பிரஸ் ஷாப் நடத்தும் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நாலு பவர் பிரஸ், மொத்தம் 8 பேர், அதில் 5 பேர் ஏஜென்ட் மூலம் வந்த ஒடிசாக்காரர்கள். 2025 ஜூனில் அவர்களில் ஒருவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வயது 30, மாதச் சம்பளம் 16,500. ஆஸ்பத்திரிச் செலவு 1,80,000 ரூபாயையும் இவரே கட்டியிருக்கிறார். இப்போது அந்தத் தொழிலாளியின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏஜென்ட்டோ, "ஒரு லட்சம் கொடுங்க, பத்திரத்துல கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்கிறார். கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டைக் கழற்றியது அவர், நான் ஏன் கொடுக்க வேண்டும், இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கிறார்.

அந்தத் தொழிலாளியைச் சொந்தத் தம்பி மாதிரி பார்த்துக்கொண்டது, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தது, நன்றியே இல்லாமல் நோட்டீஸ் அனுப்பியது, இதையெல்லாம் ஓரமாக வையுங்கள். இந்த வழக்கை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையர் இதைக் கேட்கவே மாட்டார். வேலை நேரத்தில் மொபைல் பார்த்தார் என்கிறீர்கள், அதுவும் உதவாது. வெறும் கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் இழப்பீட்டை ஒரு ரூபாய்கூடக் குறைக்காது.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி உயிருள்ள வரி ஒன்றுதான். அதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "எல்லாருமே கார்டைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, ரெண்டு பட்டன்ல ஒண்ணை டேப் போட்டு அமுக்கிட்டுத்தான் ஓட்டுவாங்க, எத்தனை தடவை திட்டியும் கேக்க மாட்டாங்க." மெஷின் அடிக்கும்போது ரெண்டு கையும் வெளியே இருக்கத்தான் அந்த ரெண்டு பட்டன்.

1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3-வது பிரிவில் முதலாளிக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியதாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியதாலோ காயம் ஏற்பட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை. நீங்கள் அந்தக் கதவைத்தான் நம்பியிருக்கிறீர்கள். ஆனால் எல்லோரும் தினமும் கழற்றுகிறார்கள், முதலாளி பார்க்கிறார், திட்டுகிறார், மெஷின் நிற்காமல் ஓடுகிறது என்றால் அதை யாரும் மீறல் என்று சொல்ல மாட்டார்கள், உங்கள் ஷாப்பில் வேலை நடக்கும் முறையே அதுதான் என்பார்கள். திட்டியதை உத்தரவு என்று நிரூபிப்பது கஷ்டம். அதுவும் தமிழில் திட்டியிருப்பீர்கள், அவருக்கு ஒடியா தவிர எது புரியும் என்பது முதல் குறுக்குக் கேள்வியாக வரும்.

அப்புறம் இன்னொன்று. மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் அந்தக் கதவே கிடையாது. இரண்டு விரல் எப்படி முழு ஊனம் ஆகும் என்று கேட்பீர்கள். இடது கையை இழந்த ஒரு தச்சர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவருக்கு நூறு சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. உங்கள் வழக்கில் அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தீர்ப்பை எடுத்து வைக்காமல் இருக்க மாட்டார்.

"எட்டுப் பேர்தான், ஃபேக்டரி சட்டமும் ஈ.எஸ்.ஐ.யும் எனக்கு வராது" என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். வராதுதான், அதனால்தான் பிரச்சினையே. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால் இந்தச் சுமை அவர்கள் தலைக்குப் போயிருக்கும். இழப்பீட்டுச் சட்டத்துக்கு ஆள் கணக்குக் கிடையாது, ஒரே ஒருவர் வேலை செய்தாலும் பொருந்தும். ஏஜென்ட் ஆள் என்பதும் பலிக்காது, முதலில் நீங்கள் கொடுக்க வேண்டும், பிறகு ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வாங்க முடிந்தால். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டனவே என்றால், உங்கள் விபத்து அதற்கு முந்தையது. புதியதிலும் இந்த விஷயம் பெரிதாக மாறவில்லை.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். விபத்தைவிட விபத்துக்குப் பிறகு செய்யும் காரியங்களால்தான் என்னிடம் வந்த சிறு முதலாளிகள் அதிகம் மாட்டியிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஒரு லட்ச ரூபாய்ப் பத்திரம். தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தால் 17-வது பிரிவின்படி அது செல்லாது. நோட்டரி முத்திரை, ரெண்டு சாட்சி, வீடியோ எதுவும் அதைக் காப்பாற்றாது. பலருக்குத் தெரியாதது 29-வது பிரிவு: இழப்பீட்டுத் தொகை பற்றிய ஒப்பந்தத்தை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்யாவிட்டால், முழு இழப்பீட்டையும் நீங்கள் கொடுத்தாக வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது, ஆணையராகப் பார்த்து வேறு உத்தரவு போட்டால் உண்டு. அதாவது ஏஜென்ட் கையில் ஒரு லட்சம் கொடுத்தால் 50,000 அப்போதே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 50,000 தொழிலாளி கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் நீங்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும். ஏஜென்ட் அன்றைக்குப் போன் எடுக்க மாட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 1,80,000-ஐயும் கணக்கில் கழிக்க முடியாது. வைத்தியச் செலவு முதலாளியின் தனிக் கடமை, இழப்பீடு வேறு. இதைச் சொன்னதும் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன், என்ன செய்வது, சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அடுத்தது, முன்தேதி போட்டு மெமோ தயாரிப்பது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆறு எச்சரிக்கை மெமோ கொண்டுவந்தார், எல்லாம் ஒரே பேனா, ஒரே மடிப்பு, தமிழ் படிக்கத் தெரியாத ஆளிடம் தமிழில் கையெழுத்து, அதில் ஒன்று அந்தத் தொழிலாளி வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய தேதி. அந்த மெமோ இல்லாமல் போயிருந்தால் ஏதோ கொஞ்சம் பேசியிருக்கலாம். இன்னொரு வழக்கில் கார்டு வாங்கிய பில் உண்மையானது, மாட்டியதும் உண்மை. எதிர்த்தரப்பு கேட்டது புரொடக்‌ஷன் நோட்டை மட்டும்தான். கார்டு மாட்டுவதற்கு முந்தைய மாதமும் அடுத்த மாதமும் ஷிப்டுக்கு ஒரே கணக்கு. ஒவ்வொரு பீஸுக்கும் கார்டைத் திறந்து மூடினால் எப்படி ஐயா அதே எண்ணிக்கை வரும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

உங்களுடைய இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 'பாதுகாப்பே முதன்மை' என்று போர்டு மாட்டுவதாலும் மாதம் ஒரு கூட்டம் போட்டுப் போட்டோ எடுப்பதாலும் விரல் தப்பாது, வழக்கும் தப்பாது. கார்டு திறந்திருந்தால் பிரஸ் ஓடவே கூடாது, அந்த மாதிரி இன்டர்லாக் போடச் சொல்லுங்கள். ரெண்டு பட்டனையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் ஓடும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ரெண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும் என்ற வகையில் பேனல் இருந்தால் டேப் ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. பழைய கீ கிளட்ச் பிரஸ் என்றால் கீ என்ற இரும்புத் துண்டு தேய்ந்து தானாக ரெண்டாவது அடி அடிக்கும், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த மெஷினில் கை உள்ளே போகவே தேவையில்லாதபடி டையை (அச்சை) மூடுங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள். பீஸ் கணக்கில் இன்சென்டிவ் கொடுத்துக்கொண்டே கார்டைக் கழற்றாதே என்று சொன்னால் எந்த ஆளும் கேட்க மாட்டான், நானாக இருந்தாலும் கேட்க மாட்டேன். கழற்றி ஓட்டுவதைப் பார்த்தால் அந்த மெஷினை அங்கேயே நிறுத்துங்கள், நிறுத்தியதை அவர் படிக்கும் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கு உற்பத்தி குறைந்ததை நோட்டில் அப்படியே விடுங்கள், நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்லப்போவது அந்தக் குறைந்த எண்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். சம்பளம் 16,500 ஆனாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 வரைதான். அதில் 60 சதவீதம் 9,000. சட்ட அட்டவணையில் 30 வயதுக்கான பெருக்கல் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. ஒரு கையில் இரண்டு விரல் போனால் அட்டவணைப்படி 20 சதவீதம், ஆக 3,74,364 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மாதம் சுமார் 3,700 ஓடுகிறது. நியாயமான காரணம் இல்லாத தாமதம் என்று ஆணையர் நினைத்தால் நிலுவையில் 50 சதவீதம் வரை அபராதம். இன்சூரன்ஸ் பாலிசி இருந்தாலும் அபராதம் உங்கள் பையிலிருந்துதான். உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போகலாமே என்றால், முழுத் தொகையையும் முதலில் டெபாசிட் செய்தால்தான் அப்பீலே எடுப்பார்கள்.

அதனால் என் ஆலோசனை, கொடுத்து முடியுங்கள். ஏஜென்ட்டை நடுவில் வைக்காமல் தொழிலாளியின் வக்கீலோடு நேராகப் பேசுங்கள், இந்தக் கணக்கை ஒட்டி வட்டியோடு ஒரு தொகைக்கு வாருங்கள், 28-வது பிரிவின்படி ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யுங்கள், பணம் வங்கி வழியாகப் போகட்டும். ரொம்பக் குறைத்துப் பேசி ஜெயிக்கலாம் என்று பார்க்காதீர்கள், தொகை போதாது என்று தோன்றினால் ஆணையர் பதிவு செய்ய மறுத்துவிடலாம். ஊழியர் இழப்பீட்டு பாலிசி ஏதாவது எடுத்திருந்தால், பேச்சுவார்த்தைக்கு முன்பே இன்று கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அவர்களுக்குச் சொல்லாமல் நீங்களாக ஒத்துக்கொண்டால் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் ஏஜென்ட் 'பைக்கில் இருந்து விழுந்தார்' என்று சொல்லிவிட்டார், நான் தடுக்கவில்லை என்று. போலீஸ் கேஸுக்குப் பயந்து செய்வதுதான் இது. மெஷின் காயம் என்று பதிவானால் பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவில் வழக்கு வரலாம், அது ஜாமீனில் வரக்கூடிய பிரிவுதான். ஆனால் விபத்தை மறைத்தார் என்று தெரிந்த பிறகு நீங்கள் சொல்லும் வேறு எதையும் ஆணையர் நம்ப மாட்டார், 50 சதவீத அபராதத்துக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியை முதலில் வாங்கிப் பாருங்கள். பைக் என்றே இருந்தால், பதில் நோட்டீஸ் எதுவும் அனுப்பாமல், அதை எடுத்துக்கொண்டு உள்ளூரில் இந்த வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.