ஆடாமல் போன ஜமாவும் பூட்டி வைத்த பெட்டியும்

கேள்வி: எங்கள் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் எட்டு இரவு பாரதக் கூத்துக்கு 1,20,000 ரூபாய் பேசி, வெற்றிலை பாக்கு வைத்து 60,000 முன்பணம் கொடுத்தோம். ஐந்து இரவு ஆடிய ஜமா (கூத்துக் குழு), கூடுதல் பணத்துக்காக வேறு ஊருக்குப் போய்விட்டது. மீதி மூன்று இரவை வேறு ஜமாவுக்கு 54,000 கொடுத்து நடத்தினோம். ஊர் மானமே போய்விட்டது. 'ஸ்பெசிஃபிக் பெர்ஃபார்மன்ஸ்' வழக்குப் போட்டு ஜமாவை நடத்தும் வாத்தியாரை வந்து ஆட வைக்கலாமா? பந்தலில் கிடந்த அவர்களது வேடப் பெட்டியைத் தூக்கி வந்து மண்டபத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். பணம் தந்தால் பெட்டியைத் தருவோம்.
- விழாக் குழுத் தலைவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஆட வைக்க முடியாது. பழைய பிரெஞ்சு வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் 'முடித்துக் கொடுப்பது'. மேடை ஏறியது பிறகுதான். சட்டம் பழைய பொருளையே பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் நீதிமன்றத் தமிழில் 'ஏற்றதை ஆற்றுதல்'. நிலத்தை எழுதித் தர மறுத்தால் அவருக்குப் பதிலாக நீதிமன்றமே எழுதித் தரும். அர்ச்சுனன் வேடத்தை நீதிமன்றம் கட்ட முடியுமா? தனிமனிதத் திறமையை நம்பிய ஒப்பந்தத்தை ஆற்ற வைக்க 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 1852இல் லண்டனில் யோஹன்னா வாக்னர் என்ற பாடகி வேறு அரங்குக்குத் தாவ முயன்றபோதும், நீதிமன்றம் அவரைப் பாடச் சொல்லவில்லை. வேறெங்கும் பாடாதே என்று மட்டும் தடுத்தது. அந்த வழி நம் சட்டத்தில் 42ஆம் பிரிவாக இருக்கிறது. விழா முடிந்த பின் அதனால் உங்களுக்குப் பயனில்லை.

நட்ட ஈடு? கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தப்படி உங்களுக்கு 1,20,000 செலவாகியிருக்கும். இப்போது இரண்டு ஜமாவுக்கும் சேர்த்து 1,14,000. நட்டம் எங்கே? ஆடிய ஐந்து இரவுக்கு 75,000 ஆகிறது, 60,000தான் வந்தது என்று அவர்கள் வக்கீல் உங்களிடமே பாக்கி கேட்பார். ஊர் மானத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தில் விலை கிடையாது.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய பெட்டிதான் இதில் வழக்கு. கடன்பட்டவன் பொருளை அவன் சம்மதமில்லாமல் எடுத்துவந்து, பணம் தந்தால் தருகிறேன் என்பது திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1895லேயே சொல்லிவிட்டது. இங்கே அவர்கள் உங்களுக்குக் கடன்பட்டதாகக்கூடச் சொல்ல முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303ஆம் பிரிவு. கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் இல்லாமல் அந்த ஜமா அடுத்த ஊரில் ஆட முடியாது. அந்த இழப்பும் உங்கள் தலையில் விழும். பெட்டி கேட்டு வந்தவர்களை யாராவது சாதி சொல்லித் திட்டியிருந்து, அவர்கள் பட்டியல் சாதியினராகவும் இருந்துவிட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது. முன்பணத்தை மீட்க வழி கேட்டு வந்த விழாக் குழுவினர் சில வாரங்களில் ஜாமீனுக்கு ஆள் தேடி அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியைப் பூட்டச் சொன்ன பெரியவர்கள் அப்போது பக்கத்தில் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தலைவரும் பொருளாளரும்தான் நின்றார்கள்.

மோசடி என்று நீங்கள் முந்திக்கொண்டு புகார் கொடுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மோசடிக்கு ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஐந்து இரவு விடிய விடிய ஆடியவர்கள் மீது அது நிற்காது. அந்தப் புகாரை விசாரிக்க வரும் காவலர் முதலில் பார்ப்பது பூட்டிய பெட்டியைத்தான்.

சமாதானமாகப் போய்விடுங்கள். நாளையே வாத்தியாரை அழையுங்கள். இரு தரப்புக்கும் பொதுவான இருவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, சலங்கை வரை பட்டியல் எழுதி, ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒருவருக்கொருவர் பாக்கி ஏதுமில்லை என்ற வரியும் அதே தாளில் இருக்கட்டும். பாக்கி 15,000 கேட்டு அவர் பிடிவாதம் பிடித்தால், பாதி கொடுத்தாவது அந்த வரியை எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு எந்த ஜமாவை வைத்தாலும், விழா நாள்களில் வேறு ஊரில் ஆடமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுத மறக்காதீர்கள். 42ஆம் பிரிவுக்கு அந்த வரிதான் வேண்டும்.