கிளாரினெட்டுக்கு இரண்டே இடம்: வாசகர் இசைக் கேள்விகள்

பல்கலைக்கழக மாணவர்களின் ஆர்க்கெஸ்ட்ராவையும் கான்சர்ட் பேண்டையும் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் பொறியியல் படிக்கும் என் மகள் பள்ளி நாளிலிருந்தே கிளாரினெட் வாசிப்பவள். பல்கலைக்கழக ஆர்க்கெஸ்ட்ராவுக்கான தேர்வில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கான்சர்ட் பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். பருவ இறுதி நிகழ்ச்சியில் முதற்பாதி பேண்டுக்கு, பிற்பாதி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. இணையத்தில் நேரலையாகவும் காட்டுவார்களாம். “பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்தில் வாசிப்பார்களே, அதுவா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். பேண்டு என்பது இரண்டாம் தரமா, ஐயா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டாம் தரம் இல்லை, அம்மா. தங்கள் மகளுக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைக்காததற்குத் திறமையைவிட எண்ணிக்கையே பெரிய காரணமாக இருந்திருக்கலாம். ஆர்க்கெஸ்ட்ராவின் உடல் தந்திக் கருவிகளால் ஆனது. முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்ற ஐந்து பிரிவுகளிலும் ஒரே வரியைப் பலர் சேர்ந்து வாசிப்பார்கள். ஆகவே வயலின்காரர்கள் எத்தனை பேர் வந்தாலும் பெரும்பாலும் இடம் இருக்கும். காற்றுக் கருவிகளின் நிலை வேறு: அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி. மாணவர் ஆர்க்கெஸ்ட்ராக்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும், ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ‘அகாடமிக் ஃபெஸ்டிவல் ஓவர்ச்சர்’ (ஓவர்ச்சர் என்றால் தொடக்க இசை) என்ற படைப்பில், மேடை நிறைய ஆட்கள் இருந்தும், கிளாரினெட்டுக்கு இரண்டே இடம். ஒரு பல்கலைக்கழகத்தில் கிளாரினெட் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தால் மற்ற பதினெட்டுப் பேர் எங்கே போவது?

அந்தப் பதினெட்டுப் பேரையும் கான்சர்ட் பேண்டு ஏற்றுக்கொள்கிறது. தந்திக் கருவிகளை அகற்றிவிட்டு (ஒரே ஒரு டபுள் பாஸை மட்டும் வைத்துக்கொள்வதும் உண்டு), மரக் குழல்கள், பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு அமைந்த அணி அது. ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்கள் செய்யும் வேலையை இங்கே பெரும்பாலும் கிளாரினெட்டுகள் செய்கின்றன. ஆர்க்கெஸ்ட்ராவில் விருந்தாளியாக மட்டும் தலைகாட்டும் சாக்சபோனும், யூஃபோனியம் என்ற பித்தளைக் குழலும் இங்கே வீட்டுக்காரர்கள். கேட்கும்போது முதலில் புலப்படும் வேறுபாடு மூச்சு. வில் போகும்போதும் ஒலிக்கும், திரும்பும்போதும் ஒலிக்கும்; குழல் ஊதுபவரோ எங்கேனும் மூச்சு வாங்கியே தீர வேண்டும். ஒரு நீண்ட சுவரம் அறுபடாமல் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு வெவ்வேறு நொடிகளில் மூச்சு வாங்குவார்கள். நேரலையில் தங்கள் மகளின் வரிசையை நெருக்கமாகக் காட்டினால் தோள்கள் மாறி மாறி உயர்வதைக் கவனியுங்கள்.

உறவினர்களின் கேள்வியையும் தள்ளிவிடுவதற்கில்லை. இரண்டு பேண்டுகளும் ஒரே குடும்பம்தான். நம் ஊர் பேண்டு வாத்தியத்துக்கும் அமெரிக்கக் கல்லூரி பேண்டுக்கும் மூதாதை இராணுவ பேண்டே. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேய பேண்டு வாசித்த மெட்டுகள் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களுக்குள் நுழைந்திருக்கின்றன. பேண்டின் கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசைக் கச்சேரியின் முதன்மைக் கருவியாகவே ஆக்கிக் காட்டினார். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலக்கொடை பெற்ற கல்லூரிகள் படைப்பயிற்சியும் கற்பிக்க வேண்டியிருந்தது. பயிற்சி அணிவகுப்புக்கு பேண்டு தேவைப்பட்டது. பிறகு அதே பேண்டு கால்பந்து மைதானத்துக்குப் போனது. கடைசியாக அரங்கத்துக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

உட்கார்ந்தவுடன் எழுந்த சிக்கல், எதை வாசிப்பது என்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இல்லினாய் பல்கலைக்கழக பேண்டை நீண்ட காலம் வழிநடத்திய ஆல்பர்ட் ஆஸ்டின் ஹார்டிங், ஆர்க்கெஸ்ட்ராப் படைப்புகளைப் பேண்டுக்கு ஏற்ப மாற்றி எழுதிக் குவித்தார். அணிவகுப்பு இசையில் பெரும்புகழ் பெற்ற ஜான் ஃபிலிப் சூசாவின் இசைத்தாள் தொகுப்பில் பெரும்பகுதி அந்தப் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தது என்பதிலிருந்து அந்த பேண்டுக்கு இருந்த மதிப்பு விளங்கும். ஆயினும் பிறருக்குத் தைத்த சட்டையை வெட்டித் திருத்திப் போட்டுக்கொள்ளும் நிலைதான் அது. ‘இரண்டாம் தரம்’ என்ற பேச்சு அங்கிருந்தே கிளம்பியது என்று நான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909இலேயே பேண்டுக்கென்று ஒரு தொகுப்பிசை எழுதியிருந்தார். வான் வில்லியம்ஸின் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பிசை 1923இலும், லிங்கன்ஷயரில் தாமே சேகரித்த பாடல்களைக் கொண்டு பெர்சி கிரெய்ஞ்சர் அமைத்த படைப்பு 1937இலும் வந்தன. இவை எண்ணிக்கையில் குறைவு. எனினும் கான்சர்ட் பேண்டுகள் இன்றளவும் இவற்றை விடாமல் வாசித்துவருகின்றன.

அடுத்த திருப்பம் ஒரு மருத்துவமனைப் படுக்கையில் நேர்ந்தது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பேண்டை நடத்திவந்த ஃபிரெடரிக் ஃபென்னல், கல்லீரல் அழற்சியால் படுத்திருந்த நாட்களில், ஒரு வரிக்கு ஒருவர் என்ற ஆர்க்கெஸ்ட்ரா முறையைக் குழல்களுக்கும் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தார். 1952இல் தொடங்கிய ஈஸ்ட்மன் விண்ட் ஆன்சாம்பிள் என்ற சிறு காற்றிசைக் குழு அந்த யோசனையின் விளைவு. பெரும் எண்ணிக்கை தரும் முழக்கம் குறைந்து ஒவ்வொரு குழலின் தனிக்குரலும் கேட்கத் தொடங்கியது; இதற்கென்று புதிதாக எழுதித் தருமாறு இசையமைப்பாளர்களை ஃபென்னல் கடிதம் எழுதி அழைத்தார். இன்று பல பல்கலைக்கழகங்களில், தேர்ந்தெடுத்த சிலர் கொண்ட விண்ட் ஆன்சாம்பிளும், கூடுதல் பேருக்கு இடம் தரும் கான்சர்ட் பேண்டும் தனித்தனியே இயங்குகின்றன. தங்கள் மகள் அடுத்த ஆண்டு எதற்குத் தேர்வு எழுதலாம் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

கேள்வி: நிகழ்ச்சி தொடங்குமுன் ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ என்ற குழல் ஒரு சுவரம் கொடுக்க, மற்றவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். பேண்டில் வேறொரு சுவரம் கேட்கிறதே, ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தங்கள் காதைப் பாராட்டுகிறேன். ஆர்க்கெஸ்ட்ரா ‘ஏ’ என்ற சுவரத்தில் சேர்கிறது. பொதுவாக நொடிக்கு 440 அதிர்வு. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய நான்கிலும் ‘ஏ’ தந்தி உண்டு என்பதால், விரல் வைக்காமலே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஓபோவின் நாதம் கூர்மையானது, கூட்டத்திலும் தனியே கேட்கும். அவசரத்துக்கு ஏற்றி இறக்க எளிதில் வளைந்துகொடுக்காத கருவியும்கூட. வளையாதவரைப் பார்த்து மற்றவர்கள் வளைந்துகொள்வதே முறையாகிவிட்டது. பேண்டில் தந்தி கிடையாது. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் தாளில் ‘சி’ என்று எழுதியிருப்பதை ஊதினால் காதில் விழுவது ‘பி ஃபிளாட்’. டிராம்போனுக்கும் யூஃபோனியத்துக்கும் அதுவே இயல்பான சுவரம். ஆகவே பல பேண்டுகள் அதில் சேர்கின்றன. ‘ஏ’யையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்பவர்கள் உண்டு.

நம் கச்சேரியில் தம்பூரா முடிவு வரை துணையிருக்கும். இங்கே சுருதி ஒருமுறை காட்டப்பட்டதோடு சரி; அதன்பின் ஒவ்வொருவரும் நினைவையும் பக்கத்து ஆளையும் நம்பியே வாசிக்க வேண்டும். போதாக்குறைக்கு, அரங்கம் சூடேற ஏறக் குழல்களின் சுருதி ஏறும், தந்திகளின் சுருதி இறங்கும். மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவில் இடைவேளைக்கு முன் பிசிறு தட்டினால் விளக்குகளின் வெப்பத்துக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகக் காற்றிசை அணியில் தாளக் கருவி வாசிக்கிறேன். இந்தப் பருவத்தில் காரெல் ஹூசாவின் ‘மியூசிக் ஃபார் ப்ராக் 1968’ எடுத்திருக்கிறோம். ஒத்திகையில் முரட்டு ஒலிகளாகவே படுகிறது. எங்கள் பயிற்சியாளரோ அதைப் பெரும் மரியாதையோடு பேசுகிறார். அதில் என்ன இருக்கிறது?
– மாணவர், சிங்கப்பூர்

பதில்: தம்பி, பயிற்சியாளரின் மரியாதைக்குக் காரணம் உண்டு. ஹூசா 1921இல் ப்ராக் நகரில் பிறந்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த செய்தி அவருக்கு எட்டியபோது, அதே ஊரின் மற்றொரு கல்வி நிலையமான இத்தாக்கா கல்லூரியின் கான்சர்ட் பேண்டுக்காக ஒரு படைப்பு எழுதித் தர வேண்டிய பொறுப்பு அவர் கையில் இருந்தது. சொந்த ஊருக்கான துக்கத்தை ஒரு மாணவர் பேண்டுக்கு எழுதிக் கொடுத்தார். 1969 ஜனவரியில் அந்த மாணவர்கள் வாஷிங்டனில் அதை முதன்முதலாக வாசித்தார்கள்.

முரட்டு ஒலிகளுக்குள் மூன்று நூல்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பிக்கோலோ என்ற சின்னஞ்சிறு குழல் தனியாகப் பாடுவது ஒரு பறவை. விடுதலையின் அடையாளமாக ஹூசா அதை வைத்தார். அதன் அடியில் டிம்பனி என்ற பெருமுரசு மிக மெல்லத் தட்டும் சில அடிகள், 15ஆம் நூற்றாண்டில் ஹுஸ் நெறியினர் (செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்கள்) போருக்குப் போகும்போது பாடிய பக்திப் பாட்டின் தொடக்கம். செக் மக்களுக்கு அது சொல்லாமலே புரியும் பாட்டு. செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவும் தம் ‘என் தாய்நாடு’ இசைவரிசையில் அதை எடுத்தாண்டிருக்கிறார். மூன்றாவது நூல் மணியோசை: ப்ராக் பல நூறு கோபுரங்களின் நகரம், அபாயத்துக்கும் வெற்றிக்கும் அங்கே மணிகளே வாய்.

இனித் தங்கள் பங்கு. மூன்றாம் பகுதியில் குழல்கள் அனைத்தும் வாயை மூடிக்கொள்ள, தாளக் கருவிகள் மட்டுமே பேசுகின்றன. மற்ற படைப்புகளில் நூறு தாள அளவு எண்ணிக் காத்திருந்து ஒருமுறை முக்கோணக் கம்பியைத் தட்டிவிட்டு உட்காரும் தங்களுக்கு இது மேடையின் நடுவிடம். மெல்லத் தொடங்கும் அந்தப் பகுதியை அவசரப்பட்டு உரக்க வாசித்தால் பின்னால் ஏறுவதற்குப் படி இருக்காது. இறுதிப் பகுதியில், முதலில் டிம்பனி முணுமுணுத்த அதே பாட்டை முழு அணியும் ஒரே குரலில் ஓங்கி எடுக்கிறது. ஆனால் பாட்டு முழுமையாக ஒருபோதும் வருவதில்லை. முடிக்காமல் விட்டது வேண்டுமென்றே செய்தது.

பேண்டுகள் ஆர்க்கெஸ்ட்ராவிடம் இரவல் வாங்கிய கதையை மேலே திருச்சி வாசகிக்கு எழுதினேன். இந்தப் படைப்பில் அது தலைகீழானது. ஹூசாவே இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதி, 1970இல் மியூனிக்கில் தாமே நடத்தினார். ஆட்சி மாறிய பிறகு, 1990இல், ப்ராக் நகரிலேயே இதை நடத்தும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. இரண்டு வடிவங்களையும் கேட்டிருக்கிறேன். வயலின்கள் இல்லாத முதல் வடிவமே என் மனத்தில் நிற்கிறது, ஏனெனில் தந்திகளின் மெருகு அந்தத் துயரத்தைச் சற்றே அழகாக்கிவிடுகிறது.

கேள்வி: பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களின் ஒலிப்பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது, வேறு பாடம் படித்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் வாசிக்கும் மாணவர்களைக் கேட்பானேன்?
– வாசகர், சென்னை

பதில்: பிழையே இல்லாத வாசிப்புதான் வேண்டும் என்றால் ஒலிப்பதிவே போதும், மாணவர் மேடையில் ஹார்ன் என்ற பித்தளைக் குழலில் சுவரம் வழுக்கும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இந்த இசையின் வரலாற்றில் மாணவர்களும் பல்கலைக்கழகச் சங்கங்களும் ஓரத்தில் நின்றவர்கள் அல்லர். ஹார்வர்டு மாணவர்கள் 1808இல் தாமாகக் கூடித் தொடங்கிய இசைச் சங்கத்திலிருந்து வளர்ந்ததே அங்குள்ள இன்றைய ஆர்க்கெஸ்ட்ரா. பிராம்ஸின் முதல் சிம்பொனி இங்கிலாந்தில் முதன்முதலாக ஒலித்தது இலண்டனில் அல்ல, 1877 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இசைச் சங்கத்தின் கச்சேரியில், நடத்தியவர் வயலின் கலைஞர் யோவாகிம். பிராம்ஸுக்கு கேம்பிரிட்ஜ் மதிப்புறு முனைவர் பட்டம் தர விரும்பியது. நேரில் வந்து பெற வேண்டும் என்ற விதியால் அது கைகூடவில்லை.

பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் 1879இல் பட்டம் கொடுத்தபோது, நன்றிக்கு ஓர் அஞ்சலட்டை போதும் என்று பிராம்ஸ் நினைத்தார்; இசையாகவே நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் நான் முதலில் குறிப்பிட்ட ஓவர்ச்சர். 1881 ஜனவரியில் பட்டம் கொடுத்த பெரியவர்கள் முன்னிலையில் அவரே அதை நடத்தினார். உள்ளே அவர் வைத்திருந்ததோ மாணவர்கள் மதுக்கூடங்களில் பாடும் பாட்டுகள்! புதுமுக மாணவர்களைச் சீண்டும் பாட்டை, பசூன் என்ற கனத்த குரல் மரக் குழல்கள் இரண்டு தொடங்கிவைக்கும் இடத்தை மாணவர் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள். அந்தக் குறும்பு அவர்களுக்கு நேற்று நடந்தது. அது வாசிப்பில் தெரியும்.

கேள்வி: நடுவில் கைதட்டிவிட்டு அசடு வழிந்தேன். எப்போது தட்டுவது?
– வாசகி, சேலம்

பதில்: அசடு வழிய வேண்டியதில்லை, அம்மா. பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி 1813இல் வியன்னாவில் அரங்கேறியபோது இரண்டாம் பகுதியை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பகுதிகளுக்கிடையே மௌனம் காப்பது பிற்காலத்து வழக்கம். இன்றைய வழக்கப்படி, அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு படைப்பின் கீழ் எத்தனை பகுதிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணத் தவறினால் நடத்துபவரின் கைகளைப் பாருங்கள்: அவை உயர்ந்தே இருக்கும்வரை இசை முடியவில்லை, இறங்கி, அவர் நம் பக்கம் திரும்பினால் தட்டலாம். மாணவர் நிகழ்ச்சிகளில் பெற்றோர் எப்படியும் முந்திக்கொள்வார்கள். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.