வாடைக்காலக் குளிரைத் தாங்கும், ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய கோழிக்கொட்டிலைக் குறைந்த செலவில் அமைக்க முடியுமா?

முடியும். ஆனால் சுவருக்குக் குளிரைத் தடுக்கும் ரெஜிபோம் பலகை அடிக்கவேண்டுமா, இரவில் சூட்டுக்கு மின்குமிழ் போடவேண்டுமா என்று நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், கனடாப் பக்கத்துக் காணொளிகளைப் பார்த்துவிட்டு மட்டக்களப்பில் கட்டப்போகிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த இரண்டிலும் ஒரு சதங்கூடச் செலவழிக்கவேண்டாம். அந்தப் பணத்தை நிலத்துக்கும் கூரைக்கும் போடுங்கள்.

“நம்மட ஊரில கோழிக்கு என்ன குளிர்?” என்று சிரிப்பவர்கள் இங்கும் வருவார்கள் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்கழியில், மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்து இறந்தன. பனி பெய்து அவை இறக்கவில்லை. மழையில் நனைந்த உடம்பின் மேல் வாடைக்காற்று விடாமல் அடித்ததால் இறந்தன. கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். காய்ந்த இறகுக்குள் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு அது உறைபனியையே தாங்கும். இறகு நனைந்துவிட்டால் நம்முடைய இருபத்திரண்டு பாகைகூட அதற்குக் கொடுமைதான். பனிநாடுகளில் அனுபவப்பட்டவர்களும் கொட்டிலை இறுக்கி மூடுவதில்லை. கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கினால்தான் கொண்டையில் பனிப்புண் வரும் என்பதால், கோழி அடையும் மட்டத்துக்கு மேலே காற்றுவழியைத் திறந்தே விடுகிறார்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அண்மையில் எங்கள் வளவு இருக்கிறது. மாரியில் முற்றத்தில் தண்ணீர் தேங்கும் இடம். அதனால் எங்கள் கொட்டிலின் கதை கூரையிலிருந்து அல்ல, மண்ணிலிருந்து தொடங்கியது. பன்னிரண்டு அடி நீளமும் எட்டு அடி அகலமும் குறித்து, சுற்றிவரப் புளொக் கல்லை வைத்துக் கட்டி, உள்ளே ஒன்றரை அடி உயரத்துக்குக் கிறவல் நிரப்பி, அதன் மேல் புற்றுமண்ணைத் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கினோம். சீமெந்துத் தளம் இதைவிட நல்லது என்று சொல்வீர்கள். மறுக்கவில்லை, வசதி இருந்தால் போடுங்கள். ஆனால் தளத்துக்குச் சீமெந்து வாங்கிவிட்டுக் கூரைக்குக் கடன் தேடும் நிலை வேண்டாம். அந்த அளவில் நாட்டுக்கோழி முப்பது வரை தாராளமாக அடையும், அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று சதுர அடி. பகலில் வெளியே விடாமல் அடைத்தே வளர்ப்பதானால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கொட்டிலின் நீளப்பாட்டைக் கிழக்கு மேற்காக வையுங்கள். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். வாடை வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்து வருவதால், வடக்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் கிடுகுத் தட்டியால் மறைத்து, கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். தெற்குப் பக்கம் இரண்டு அடி உயரத்துக்குக் கல்லும் அதற்கு மேல் கம்பிவலையுமாக இருந்தால் போதும். தட்டிகளைக் கழற்றக்கூடியதாகக் கட்டுவது முக்கியம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மூடிய கொட்டிலுக்குள் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரே கொட்டில் இரண்டு காலத்துக்கும் உதவவேண்டும் அல்லவா? தட்டிக்குப் பதிலாகத் தறப்பாளால் முழுவதும் சுற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் அதன் உட்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீரே தரையில் பரப்பியிருக்கும் உமியில் சொட்டும்.

கூரைக்குப் பழைய தகரம் போதும். அதன் கீழே ஒரு வரிசை கிடுகு வைத்தால் பகல் சூடும் குறையும், இரவில் தகரம் வியர்த்துச் சொட்டுவதும் நிற்கும். இறவாரம் மூன்று அடிக்குக் குறையக்கூடாது. சாரல் உள்ளே வராமல் காப்பது சுவரைவிட இறவாரந்தான். வளைகளைத் தூணோடு கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள், ஆணியை மட்டும் நம்பவேண்டாம். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட எங்கள் மாமி, கம்பி முறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் எழுந்து போனார். தூண்களின் மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் கருக்கி, கழிவெண்ணெய் பூசி நட்டால் கறையான் பிந்தும்.

ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய உயரம் ஆடம்பரம் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் சில வீடுகளுக்கு ஒரு திட்டத்தின் கீழ்க் கோழிக்கூடு கொடுத்தார்கள். இடுப்பளவு உயரம், நான்கு கால், கம்பித் தளம், மேலே தகரம். பயனாளியைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். பகலில் அது அடுப்பு. மாரி இரவில் கீழிருந்து ஈரக்காற்று நேராகக் கோழியின் வயிற்றில் அடிக்கும். உள்ளே ஒரு கோழி சுகமில்லாமல் குந்தியிருந்தால் கைக்கெட்டாது, கூட்டுமாறும் நுழையாது. எங்களுக்குக் கொடுத்த கூட்டில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறோம். கொடுத்தவர்களின் நோக்கத்தைக் குறைசொல்லவில்லை. ஆனால் மார்கழியில் ஓர் இரவு இங்கே தங்கிப் பார்த்தவர் எவரும் அதை வரைந்திருக்கமாட்டார். நடுவில் ஏழு அடி உயரம் இருந்தால், இரவில் கோழிகள் அடைந்திருக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடுப்பு மருந்து போடலாம், முட்டை எடுக்கலாம், உமியை மண்வெட்டியால் கிளறலாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உட்பக்கம் திறந்தால் உமி தடுக்கும்.

உமியில் ஒரு கால நுட்பம் இருக்கிறது. நமக்கு அது தேவைப்படுவது மழை தொடங்கும்போது, ஆனால் அந்நேரம் ஆலைகளில் கிடைப்பது பெரும்பாலும் நனைந்த உமி. சிறுபோக அறுவடை முடிந்தவுடன் சாக்குகளில் கட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். நான்கு அங்குலம் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறி, தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டிபட்டதை அள்ளி எறிந்து புதியது போடவேண்டும். ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் பரவும். காற்றோட்டம் போதுமா என்று அறிய, அதிகாலையில் உள்ளே போய்க் கோழியின் உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் மேலே இன்னும் திறக்கவேண்டும். நான் கால்நடை வைத்தியர் அல்லேன், வளர்ப்பவரின் அறிவுதான் இது. நோய் கண்டால் அவர்களிடம் போங்கள்.

அடையும் தடிகளை எல்லாம் ஒரே உயரத்தில், இரண்டு அடிக்கு மேற்படாமல் கட்டினால் மேல் தடிக்காகச் சண்டை வராது. தட்டையான இரண்டு அங்குலச் சட்டம் என்றால் கோழி விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொண்டு உறங்கும். மின்குமிழ் குஞ்சுகளுக்கு மட்டும், அதுவும் தனியான பெட்டியில். முதல் வாரம் அவற்றுக்கு 32 முதல் 35 பாகை வேண்டும். கிடுகுக் கூரையின் கீழ் தொங்கும் சூடான குமிழ் என்ன செய்யும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

விலை எழுதவில்லை, எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். எங்களுக்கு மிகுதியாகச் செலவானது கம்பிவலைக்குத்தான். கீரியும் பாம்பும் நுழையாதபடி அரை அங்குலக் கண் உள்ள வலையைக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் வாங்கி, மேலே மலிவான கோழிவலையைப் போட்டால் அதையும் குறைக்கலாம். தாராவும் வளர்க்கும் எண்ணம் இருந்தால் அவற்றுக்கு வேறு கொட்டில் போடுங்கள், ஓர் இரவில் அவை உமி முழுவதையும் நனைத்துவிடும்.