போக மறுக்கும் மென்பொருள், காணாமல் போன டிஎல்எல்: கேள்வி-பதில்

கேள்வி: வேண்டாத புரோகிராம் ஒன்றை, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் ஃபோல்டரோடு டெலீட் செய்துவிட்டேன். கன்ட்ரோல் பேனல் பட்டியலில் பெயர் இன்னும் நிற்கிறது, அன்இன்ஸ்டால் கொடுத்தால் பிழை வருகிறது.

பதில்: அன்இன்ஸ்டால் செய்யும் ஃபைலும் அந்த ஃபோல்டரில்தான் இருந்திருக்கும், அதையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள். அதே பதிப்பை அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்து, அப்புறம் கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்குங்கள். அதற்கும் அசையவில்லையா, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டுங்கள். ஆனால் எதைத் தொடங்கும் முன்பும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், கோளாறானால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பலாம்.

கேள்வி: எதை இன்ஸ்டால் செய்தாலும் 1618 என்ற பிழை எண் வருகிறது.

பதில்: வேறொரு இன்ஸ்டாலேஷன் பின்னால் ஓடுகிறது. முடியட்டும். கால் மணி நேரமாகியும் முடியவில்லை என்றால் ரீஸ்டார்ட்.

கேள்வி: எரர் வருகிறது, சாஃப்ட்வேர் திறக்கவில்லை. உடனே தீர்வு சொல்லவும்.

பதில்: எந்த சாஃப்ட்வேர், எந்த விண்டோஸ், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றுமே எழுதாமல் உடனே தீர்வு கேட்டால் எப்படி? ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், பிழைச் செய்தியை எழுத்து விடாமல் அனுப்புங்கள். பெட்டியை மூடிவிட்டிருந்தால், பிழைகளை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, அந்த நேரத்துக்கு எதிரே சிவப்புக் குறி இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: கேம் திறந்தால் எம்எஸ்விசிபி140 டிஎல்எல் இல்லை என்று வந்தது. டிஎல்எல் தரும் ஒரு தளத்திலிருந்து இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டேன். இப்போது சி000007பி என்று வேறு பிழை.

பதில்: இதைத்தான் செய்யாதீர்கள் என்று பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். டிஎல்எல் என்பது படமோ பாட்டோ இல்லை, அது மற்ற புரோகிராம்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல். அதை அழைக்கும் புரோகிராமுக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் உண்டு, யார் ஏற்றி வைத்தது என்று தெரியாத ஒன்றைக் கொண்டுபோய் விண்டோஸின் அடிவயிற்றில் வைக்கிறீர்கள். புதுப் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் குழப்பம். 64 பிட் விண்டோஸில், பெயரில் 32 இருந்தாலும் சிஸ்டம்32-இல் இருப்பவை 64 பிட் ஃபைல்கள், 32 பிட் ஃபைல்களோ சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கின்றன. பெயரைப் பார்த்து 32 பிட் ஃபைலை சிஸ்டம்32-இல் போட்டால் 64 பிட் கேம் திணறத்தான் செய்யும். ரீஸ்டோர் பாயின்ட் எடுத்துக்கொண்டு, நீங்கள் போட்டதை முதலில் அழியுங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே, அந்த டிஎல்எல் அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை, எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் இறக்கிப் போடுங்கள். பெரியது 25 எம்பி சுமார்தான். கையோடு ஆன்டிவைரஸ் முழு ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டர் 20 ஜிபி இருக்கிறது. அழிக்கலாமா?

பதில்: கூடாது. பல புரோகிராம்களை ரிப்பேர் செய்யவும் அப்டேட் செய்யவும் நீக்கவும் அந்த ஃபைல்கள்தான் வேண்டும். இடம் வேண்டுமென்றால் டிஸ்க் கிளீனப் ஓட்டுங்கள்.

கேள்வி: சேஃப் மோடில் நீக்கப் பார்த்தேன், விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை அணுக முடியவில்லை என்கிறது.

பதில்: சேஃப் மோடில் விண்டோஸின் அடிப்படைப் பகுதிகள் மட்டும்தான் ஓடும், அந்த சர்வீஸ் ஓடாது. வழக்கம்போல் பூட் செய்து நீக்குங்கள்.