சொல்லாமல் வைத்த மெஷ்: வழக்கு யார் மேல், எதன் மேல்?

கேள்வி: என் வாப்பாவுக்கு வயது 64. பழைய ஆபரேஷன் தழும்பில் வந்த குடலிறக்கத்துக்கு 14 மாதம் முன்பு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெஷ் (வயிற்றுச் சுவரைத் தாங்கும் வலை) வைத்தார்கள். மொத்த பில் 3.6 லட்சம், மெஷ்ஷுக்கு மட்டும் 1.4 லட்சம். காயம் ஆறாமல் நீர் கோத்துச் சீழ் வைத்தது. ஐந்து மாதம் கழித்து திருநெல்வேலியில் வேறு டாக்டர் திறந்து சுத்தம் செய்தார். அவர்தான் மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "இது பன்றித் தோலில் செய்தது, உடம்போடு சேர்ந்துவிட்டதால் முழுசாக எடுக்க முடியாது" என்றார். எங்களிடம் முன்னால் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாப்பா உடைந்துபோய்விட்டார். மத உணர்வைப் புண்படுத்தியதாகப் போலீசில் புகார் கொடுக்கலாமா? மெஷ் கம்பெனி மீதும் கேஸ் போடலாமா? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: போலீசை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கு (இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 299) வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும், அலட்சியம் போதாது. சிகிச்சையில் கவனக்குறைவு என்று புகார் கொடுத்தாலும், ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைப் பெறாமல் போலீஸ் டாக்டர் மேல் நடவடிக்கைக்குப் போகக் கூடாது. அதற்குள் உங்கள் காலம் கரைந்துவிடும். உங்களுக்கு இருக்கும் இடம் நுகர்வோர் ஆணையம்.

அங்கே போக உங்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது? ஒரு டாக்டர் வாய்மொழியாகச் சொன்னது, "மெஷ்" என்று மட்டும் எழுதிய ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு பில். இது போதாது. எந்த மெஷ் என்பதை முதலில் காகிதத்தில் கொண்டுவாருங்கள். இந்த மாதிரி பொருட்களின் பெட்டிக்குள்ளேயே பெயர், தொகுப்பு எண் போட்ட ஒட்டுச் சீட்டுகள் இருக்கும், ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். அந்த ஸ்டிக்கர் பக்கம், ஒப்புதல் படிவம், ஓ.டி. நோட்ஸ் (ஆபரேஷன் குறிப்பு), மெஷ் வாங்கிய ரசீது என்று பெயர் சொல்லி, வாப்பாவே கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கட்டாயம், ஆகவே "அப்புறம் பார்க்கலாம்" வேண்டாம். தரவில்லையா, அந்த மறுப்பே உங்கள் வழக்கில் ஒரு அம்சம். திருநெல்வேலியில் எடுத்த துண்டு பரிசோதனைக்குப் போயிருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் வாங்குங்கள், மாதிரியை அழிக்க வேண்டாம் என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஸ்டிக்கர் கிடைத்ததும் அந்த மெஷ்ஷின் எம்.ஆர்.பி.யை 1.4 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியிருந்தால் அது தனிக் குற்றச்சாட்டு.

சரி, வழக்கு எதன் மேல்? நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். "மெஷ் கெட்டது, அதனால் சீழ் வைத்தது" என்று ஆரம்பித்தால் தோற்பதற்கு வாய்ப்பு அதிகம். நீர் கோப்பதும் தொற்றும் குடலிறக்க ஆபரேஷனில் எந்த மெஷ் வைத்தாலும் வரக்கூடியவை, கவனமாகச் செய்தாலும் வரும் என்று மருத்துவமனை சொல்லும், பாதி உண்மையும்கூட. கம்பெனி மேல் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் போகலாம், ஆனால் தயாரிப்புக் குறையோ வடிவமைப்புக் குறையோ இருந்ததென்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். எச்சரிக்கவில்லை என்று சொன்னால், நிபுணர் மட்டுமே பயன்படுத்தும் பொருளுக்கு நிபுணரிடம் எச்சரித்தால் போதும் என்று 87ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அந்தத் தொகுப்பிலேயே பிரச்சினை என்று தெரியவந்தால் ஒழிய, கம்பெனியை முதன்மை எதிரியாக்காதீர்கள்.

உங்கள் பலம் ஒப்புதலில் இருக்கிறது. சாதாரண மெஷ் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் நெய்தது. வாப்பாவுக்கு வைத்தது வேறு ரகம்: பன்றித் தோலிலிருந்து செல்களை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் கொலாஜன் என்ற புரதச் சட்டகத்தை மட்டும் வைப்பார்கள், நோயாளியின் சொந்தச் செல்கள் அதற்குள் வளர்ந்து புதுத் திசு ஆக வேண்டும் என்பது கணக்கு. அதனால்தான் முழுசாக எடுக்க முடியாது என்றார் அந்த டாக்டர். விலையும் கூட. குடல் கிழிந்து அசுத்தமான இடத்தில் பிளாஸ்டிக் வைக்கத் தயங்கி இதை எடுக்கும் சர்ஜன்கள் உண்டு, அது நியாயமான காரணம். ஆனால் நாள் குறித்துச் செய்த ஆபரேஷன் என்றால், இரண்டு ரகம் உண்டு, இது விலங்கிலிருந்து வருவது என்று சொல்ல நேரம் இருந்தது. மார்க்கத்தில் இது ஆகுமா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆணையத்தின் முன் உள்ள கேள்வி அதுவல்ல. வாப்பாவிடம் கேட்டார்களா என்பதுதான்.

சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லி வாங்குவதுதான் ஒப்புதல் என்றது. அதே தீர்ப்பு, எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் ஏற்கப்பட்ட வழக்கத்தை வைத்து அளந்தது, "எந்த டாக்டரும் இதையெல்லாம் சொல்வதில்லை" என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு என் பதில்: பன்றித் திசு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வைக்கக் கூடாது என்று இந்த ரக மெஷ்களின் பயன்பாட்டுக் குறிப்பில் பொதுவாகவே எழுதியிருக்கும். அப்படியென்றால் வைப்பதற்கு முன் நோயாளியிடம் கேட்டே ஆக வேண்டுமே? கேட்டதற்கு கேஸ் ஷீட்டில் பதிவு எங்கே? இதற்காகத்தான் ஸ்டிக்கரை அவ்வளவு வற்புறுத்துகிறேன், அந்தப் பெயர் தெரிந்தால்தான் அந்தக் குறிப்பை எடுக்க முடியும்.

இரண்டு வருடம் என்ற காலவரம்பை (பிரிவு 69) ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணுங்கள். "எங்களுக்கு அப்புறம்தானே தெரிந்தது" என்ற வாதம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஆபரேஷனில் வயிற்றில் விட்டுப்போன, ரத்தம் ஒற்றும் காஸ் துணி பல வருடம் கழித்து வெளிவந்த ஸ்ரீகண்டே வழக்கில் (2010), இத்தனை காலம் வலி இருந்தும் நீங்கள் விசாரிக்கவில்லையே என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த அம்மாவின் புகாரைக் காலம் கடந்தது என்று தள்ளிவிட்டது.

மதுரைக்கு அலைய வேண்டாம், குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். மாவட்ட ஆணையத்துக்கு வரம்பு 50 லட்சம், கணக்கில் எடுப்பது நீங்கள் கொடுத்த தொகையை, கேட்கும் நஷ்டஈட்டை அல்ல. 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. பில்லை இன்சூரன்ஸ் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான், 1995இல் சாந்தா வழக்கிலேயே முடிவான விஷயம் இது.

பெரிய தொகை? சமீரா கோலி வழக்கில் ஒப்புதல் இல்லாமல் கர்ப்பப்பையையே எடுத்தார்கள், கிடைத்தது 25,000 ரூபாயும் டாக்டருக்குக் கட்டணம் கிடையாது என்ற உத்தரவும். இரண்டாவது ஆபரேஷன் செலவு, மெஷ்ஷின் விலை, மன உளைச்சல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், கோடிக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கிடையில் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். நோயாளியே சொல்லலாம். நஷ்டஈடு வராது, பதிவு இருக்கும்.

ஆவணங்கள் கைக்கு வந்ததும் வக்கீல் நோட்டீஸ். அது போனவுடன் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து சமாதானமாகப் பேசக் கூப்பிடுவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து என்று எதையாவது நீட்டினால், "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.