காரிலிருந்து கடைக்குக் கரண்ட்: 126 நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: தாம்பரம் பக்கம் சொந்த வீடு. மாடியில் குடியிருக்கிறோம், வீட்டு இணைப்பு. கீழே மனைவி தையல் கடை நடத்துகிறார், அதற்குத் தனியாக வணிக இணைப்பு. எங்கள் எலெக்ட்ரிக் காரில், வெளியே வயர் இழுத்து வீட்டுச் சாமான்களை ஓட்டும் 'வீ-டு-எல்' வசதி இருக்கிறது. மழையில் இரண்டு நாள் கரண்ட் போனபோது ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் மாடி ஃப்ரிட்ஜும் ஃபேனும், இன்னொன்றில் கடையின் இரண்டு லைட்டும் ஒரு தையல் மெஷினும் ஓடின. லைன் சரிசெய்ய வந்த ஊழியர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அடுத்த வாரம் அதிகாரி வந்து பார்த்தார். இப்போது மின்சாரச் சட்டத்தின் பிரிவு 126ன் கீழ் 12 மாதத்துக்குக் கணக்கிட்டு 41,600 ரூபாய் கேட்டு தற்காலிக மதிப்பீட்டு உத்தரவு வந்திருக்கிறது. நாங்கள் செய்தது குற்றமா? அப்புறம், இரண்டு பக்கமும் பின் வைத்த வயரைச் சுவர் ப்ளக்கில் செருகினால் வீடு முழுக்க எரியும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். பக்கத்துக் கடைக்காரர் வாடகை தருகிறேன், எனக்கும் ஒரு லைன் கொடுங்கள் என்கிறார்.

பதில்: முதலில் ஒன்று. அந்தப் பணத்தை அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126(4)ன்படி ஏழு நாளுக்குள் பணம் கட்டுவது மதிப்பீட்டை ஏற்றுக்கொள்பவருக்கான வழி. சம்மதத்தின் பேரில் போடப்பட்ட இறுதி உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது என்று பிரிவு 127(5) சொல்கிறது. "கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நோட்டீஸில் உள்ள தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், நேரில் விசாரணை வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். விசாரித்துவிட்டுத்தான் இறுதி உத்தரவு போட வேண்டும். அதற்கு அதிகாரிக்கு உள்ள காலம் 30 நாள்.

இனி, செய்தது தவறா என்ற கேள்வி. மாடி வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டு இணைப்பிலேயே எலெக்ட்ரிக் காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அப்படி ஏற்றிய கரண்டை அதே வீட்டின் ஃப்ரிட்ஜுக்குத் திருப்பி எடுப்பது, இன்வெர்ட்டர் பேட்டரியில் சேர்த்துவைத்து எடுப்பதிலிருந்து சட்டப்படி வேறில்லை. லைசென்ஸ் எதுவும் வேண்டாம்.

சிக்கல் கடையில்தான். எந்த நோக்கத்துக்காக, எந்த இடத்துக்காக இணைப்பு கொடுத்தார்களோ அதைத் தாண்டிப் பயன்படுத்தினால் அது 'அங்கீகாரமற்ற பயன்பாடு' என்கிறது பிரிவு 126. வீட்டு மீட்டரில், அதுவும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உள்ள இணைப்பில் ஏற்றிய கரண்ட், கார் வழியாகக் கடைக்குப் போயிருக்கிறது என்று அதிகாரி வாதிட இடம் இருக்கிறது. இந்தச் சட்டம் எழுதப்பட்டபோது இப்படி ஒரு கார் யார் மனத்திலும் இல்லை. ஆனாலும் சொற்கள் அகலமானவை. ஒடிசாவின் சீதாராம் ரைஸ் மில் வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம் பிரிவு 126ஐ அகலமாகவே படித்தது. கெட்ட எண்ணம் இருந்ததா என்பது இந்தப் பிரிவுக்குத் தேவையில்லை என்றும் சொன்னது. அதனால் "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

ஆனால் 41,600 ரூபாய் நியாயமே இல்லை, இங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். பிரிவு 126(5) என்ன சொல்கிறது? அங்கீகாரமற்ற பயன்பாடு எவ்வளவு காலம் நடந்ததோ அந்தக் காலத்துக்குத்தான் மதிப்பீடு. அந்தக் காலத்தைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால்தான் சோதனைக்கு முந்தைய 12 மாதம். உங்கள் விஷயத்தில் காலம் தெளிவாகத் தெரிகிறது: கரண்ட் இல்லாத அந்த இரண்டு நாள். நிரூபிக்கவும் வழி இருக்கிறது. கார் ஆப்பில் பேட்டரி சதவீதம் இறங்கிய பதிவு இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மின்தடைக்காக நீங்கள் கொடுத்த புகாரின் எண், வந்த எஸ்.எம்.எஸ்., இவற்றையும் சேருங்கள். மிக முக்கியமாக, கடையின் வணிக மீட்டருடைய கடந்த ஓராண்டு ரீடிங். மாதாமாதம் அது வழக்கம்போல் ஓடியிருக்கிறது என்றால், கடை அந்த மீட்டரில்தான் நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அளவையும் கணக்குப் போட்டுக் கொடுங்கள். இரண்டு எல்.இ.டி. லைட், ஒரு மெஷின் மோட்டார், எல்லாம் சேர்த்து 300 வாட் என்று தாராளமாகவே வைப்போம். நாளுக்கு எட்டு மணி நேரம், இரண்டு நாள். மொத்தம் ஐந்து யூனிட்கூட இல்லை. பிரிவு 126(6)ன்படி உரிய கட்டணத்தின் இரு மடங்கு; யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 100 ரூபாயைத் தாண்டாது. மாடி வீட்டின் ஓராண்டுப் பயன்பாடு முழுவதையும் கடைக் கணக்கில் போட்டு இரட்டிப்பாக்கினால்தான் 41,600 போன்ற தொகை வரும். எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆட்சேபணைக் கடிதத்தின் வாசகத்தில் கவனம் தேவை. "தெரிந்தே செய்தோம், மன்னிக்கவும்" என்ற மாதிரி எழுதவே எழுதாதீர்கள். யாராவது எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள். இதே செயல் நேர்மையற்ற எண்ணத்தோடு செய்யப்பட்டால் பிரிவு 135ன்கீழ் மின்திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். உங்கள் விஷயத்தில் மறைவு எதுவும் இல்லை, மீட்டரில் யாரும் கைவைக்கவில்லை, கடைக்கு முறையான இணைப்பு இருக்கிறது, கரண்ட் வந்ததும் வயரைச் சுருட்டிவிட்டீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

இறுதி உத்தரவும் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் பிரிவு 127ன்கீழ் மேல்முறையீடு. அதற்கு மதிப்பீட்டுத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, பிரிவு 145 தடுக்கிறது. விசாரணையே நடத்தாமல் உத்தரவு போட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

இப்போது எலெக்ட்ரீஷியன் சொன்ன யோசனை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நோட்டீஸைவிட இதுதான் எனக்குக் கவலை. மெயின் ஸ்விட்சை யாராவது மறந்து ஆன் செய்துவிட்டால், காரிலிருந்து வரும் 230 வோல்ட், வீட்டுக்கு வரும் சர்வீஸ் லைன் வழியாகவே தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் அது தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் லைனையே உயிர்ப்பிக்க முடியும். லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவரின் கையில் அது பாயும். உங்களிடம் சத்தம் போட்ட ஊழியர் பயந்தது இதற்குத்தான். இருட்டிக் கிடக்கும் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் அவருக்கு முதலில் வரும் சந்தேகம் அதுவே. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 106ன்கீழ் அலட்சியத்தால் மரணம் விளைவித்த வழக்கு, ஐந்து ஆண்டு வரை தண்டனை. மெயினை ஆஃப் செய்திருந்தால்கூட, வயரின் மறுமுனையை உருவும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் கரண்ட் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வீட்டு வயரிங்குக்கே காரிலிருந்து சப்ளை வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்றுதான் வழி. ஒரு நேரத்தில் ஈ.பி. அல்லது கார், இரண்டும் சேர முடியாத அமைப்பு. அதை அரசு லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர்தான் பொருத்த வேண்டும். காரின் சப்ளைக்கு வீட்டு எர்த்தோடு பெரும்பாலும் தொடர்பு இருக்காது, அப்போது வீட்டு ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) நினைத்தபடி ட்ரிப் ஆகாமல் போகலாம். இதையும் அவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். வேலை முடிந்ததும் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். இதெல்லாம் முடியும்வரை எக்ஸ்டென்ஷன் வயரே போதும். அதில் கரண்ட் ஈ.பி. லைனைத் தொடுவதே இல்லை.

பக்கத்துக் கடைக்குக் கொடுக்காதீர்கள். ஈ.பி.யிடம் வாங்கிய கரண்டைக் காசுக்கு விற்பது லைசென்ஸ் இல்லாத மின்வணிகம், பிரிவு 12 தடை செய்கிறது. வண்டியை சார்ஜ் செய்து தருவது சேவை, அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2018ல் மத்திய மின் அமைச்சகம் தெளிவுபடுத்தியது உண்மைதான். அது வண்டிக்கு மட்டும், கடைக்கு அல்ல. இலவசமாகக் கொடுத்தாலும் 'வேறு இடம்' என்ற 126 பிரச்சினை திரும்ப வரும். அவருடைய போனை வேண்டுமானால் உங்கள் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியின் கடைக்கு நான் சொல்வது: மழை எச்சரிக்கை வந்த அன்று காரைக் கடையின் வணிக மீட்டரிலிருந்து சார்ஜ் செய்யுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எலெக்ட்ரிக் வண்டிக்கென்று தனி இணைப்பு கேட்டு வாங்கலாம், நுகர்வோர் உரிமை விதிகளில் 2024ல் செய்த திருத்தம் அதற்கு வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த இணைப்பின் நோக்கமே வண்டி சார்ஜிங் என்பதால், அதிலிருந்து கடையை ஓட்டினால் இதே கேள்வி மறுபடியும் எழும். லைட்டும் மெஷினும் மட்டும்தான் என்றால், கடை இணைப்பிலேயே ஒரு சின்ன இன்வெர்ட்டர் மாட்டிவிடுங்கள்.