பானை தொங்கும்வரை முட்டை வரும்

கூண்டுப் பறவைகள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

பறவைக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று நாம் கேட்டு வாங்குகிற பட்ஜிகளைப் பற்றித்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் வைத்திருப்பவர்கள் எழுதியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அந்த வாசகியின் வீட்டில் நடப்பதுதான் பட்ஜி வளர்க்கும் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காகச் சென்ற ஆண்டு ஒரு ஜோடி பட்ஜி வாங்கினோம். கடைக்காரரே கூண்டுக்குள் ஒரு மண்பானையையும் கட்டிக் கொடுத்தார். இதுவரை இரண்டு முறை குஞ்சு பொரித்துவிட்டன. குஞ்சுகளை உறவினர்களுக்குக் கொடுத்தோம். இப்போது மறுபடியும் பானையில் நான்கு முட்டைகள். பெண் பறவை மிகவும் இளைத்துவிட்டது. இனி குஞ்சு வேண்டாம் என்று நினைக்கிறோம். இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டுமா? ஜோடியைப் பிரிப்பது பாவம் என்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியார் சொல்வது சரி. பறவைகளைப் பிரிக்க வேண்டாம், பானையை எடுத்துவிடுங்கள். ஆனால் இன்றே எடுத்துவிடாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பட்ஜி இரவில் தூங்குவதற்குப் பானை வேண்டும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அது வேண்டியதே இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாக அலையும் பறவை அது. மரக்கிளையில் உட்கார்ந்தபடியேதான் உறங்கும். யூகலிப்டஸ் மரத்தின் பொந்தைத் தேடுவது முட்டையிடுவதற்காக. அதற்கும் மாதக் கணக்கு கிடையாது. நல்ல மழை பெய்து, புல் விளைந்து, விதை முற்றிக் கிடக்கும்போது இனப்பெருக்கம் தொடங்கும். விதை தீர்ந்தால் நிறுத்திவிட்டு அடுத்த இடம் தேடிப் பறந்துவிடும். 1840இல் ஜான் கூல்டு என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் இந்தப் பறவையை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பிறகு கூண்டுகளில் வளர்த்து வளர்த்து நீலம், மஞ்சள், வெள்ளை என்று எத்தனையோ நிறங்களை மனிதர்கள் உருவாக்கிவிட்டார்கள். விதையும் பொந்தும் கண்ணில் பட்டால் முட்டையிடத் துடிக்கும் உடல் மட்டும் மாறவில்லை.

உங்கள் கூண்டில் கிண்ணம் நிறையத் தினை எந்நேரமும் இருக்கிறது. தலைக்கு மேல் பொந்து தொங்குகிறது. அந்தப் பறவையைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் மழைக்காலம். நிறுத்து என்று சொல்ல எதுவுமே இல்லாததால் அது நிறுத்தாமல் முட்டையிடுகிறது. காட்டில் வறட்சி வந்து அதற்கு ஓய்வு கொடுக்கும். கூண்டில் அந்த ஓய்வை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு ஈடு முட்டைக்கு அந்தத் தாய் என்ன விலை கொடுக்கிறது என்று பாருங்கள். அதன் எடை ஏறத்தாழ 35 கிராம். ஒரு முட்டை ஏறத்தாழ 2 கிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் இட்டு, நான்கு முதல் ஆறு முட்டை வரை வைக்கும். ஒவ்வொரு முட்டைக்கும் சுமார் 18 நாள் அடைகாக்க வேண்டும். அடைகாப்பது பெண் மட்டுமே. ஆண் வெளியே தின்று வந்து வாயோடு வாயாக ஊட்டும். குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வர ஐந்து வாரம் ஆகும். கடைசிக் குஞ்சு வெளியே வருவதற்குள்ளேயே அடுத்த முட்டையை இட்டுவிடும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச்சத்தில் ஒரு பகுதி அதன் எலும்பிலிருந்துதான் போகிறது. ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும், அதற்கு மேல் கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பறவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

இப்போது பானையில் இருக்கும் முட்டைகளுக்கு வருவோம். அவற்றை அப்படியே எடுத்து எறிந்தால், போனதை ஈடுகட்ட அது உடனே புதிதாக இடத் தொடங்கும். அதனால் இழப்பு இன்னும் அதிகம். தாய் வெளியே வரும் நேரம் பார்த்து, இருட்டில் ஒவ்வொரு முட்டையையும் சிறிய டார்ச் வெளிச்சத்தின் மீது பிடித்துப் பாருங்கள். ஐந்தாறு நாள் அடைகாத்த கருவுற்ற முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும். நரம்பு ஓடியிருந்தால் பொரிக்க விட்டுவிடுங்கள். துடிக்கும் உயிரை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இதுவே கடைசி ஈடாக இருக்கட்டும். நரம்பு தெரியாத புது முட்டைகளைக் கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து, நன்றாக ஆறியபின் பானைக்குள் திரும்ப வைத்துவிடுங்கள். அது பொறுமையாக மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தானே எழுந்து வந்துவிடும். பானையை எடுக்க வேண்டிய நாள் அதுதான். குஞ்சு பொரித்திருந்தால், கடைசிக் குஞ்சு வெளியே வந்த அன்றைக்கே பானை போய்விட வேண்டும். குஞ்சுகளுக்கு அதன் பிறகும் அப்பன் ஊட்டும்.

பானை போனால் போதாது. தேங்காய்ச் சிரட்டை, அட்டைப்பெட்டி, பொந்து போன்ற இருண்ட மூலை எதுவும் கூண்டுக்குள் இருக்கக் கூடாது. அவித்த முட்டை, முளைகட்டிய பயறு போன்ற சத்தான தீனியைச் சில மாதங்களுக்கு நிறுத்துங்கள். குஞ்சு வளர்க்கும் பறவைக்கு உரியது அது. தினையும் சாமையும், கொஞ்சம் முருங்கைக்கீரையோ கொத்தமல்லியோ போதும். கணவாய் ஓட்டை மட்டும் எப்போதும் கூண்டுக் கம்பியில் கட்டி வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைக்கும்.

வெளிச்சம் இன்னும் முக்கியம். பகல் நீண்டால் அதன் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். நம் வீடுகளில் கூண்டு ஹாலில் இருக்கிறது, டியூப்லைட்டும் டிவியும் இரவு பதினொரு மணிவரை எரிகின்றன. மாலை ஆறரைக்குக் கூண்டை இருட்டான, காற்றோட்டமுள்ள அறைக்கு மாற்றுங்கள், அல்லது மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். மறுநாள் காலை எட்டரைவரை அப்படியே இருக்கட்டும். நாளுக்குப் பத்து மணி நேர வெளிச்சம் போதும். இடம் மாற்றுகிறேன் என்று சமையலறைக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெளிவரும் புகை பட்ஜியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

பிரித்து வைத்தாலும் பயன் உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுகிறதே, பட்ஜியும் அப்படித்தான். பானையும் நீண்ட பகலும் இருந்தால் தனியாக இருக்கும் பெண்ணும் இடும். பிரிப்பதால் ஒன்றுக்கொன்று இறகு கோதிவிடும் துணையை இரண்டும் இழக்கும், அவ்வளவுதான்.

இளைத்த பறவையை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை தினமும் கவனியுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறதா? மூச்சோடு சேர்ந்து வால் மேலும் கீழும் அசைகிறதா? முக்குகிறதா? அப்படியானால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடிய நிலை அது. காற்றுத் துளையிட்ட பெட்டியில் வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது, முட்டையை இழுக்கக் கூடாது. உள்ளே முட்டை உடைந்த பிறகு என்னிடம் வந்த பறவைகளில் பலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. அழுத்தாமல் கொண்டுவந்தவை சுண்ணாம்புச்சத்து ஊசிக்கும் வெதுவெதுப்புக்கும் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன.

கேள்வி: ஜோடி என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டும் வெள்ளை நிறம், சிவப்புக் கண். ஆணுக்கு மூக்கு நீலமாக இருக்கும் என்கிறார்கள், என்னிடம் உள்ள இரண்டுக்கும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று தீனி ஊட்டிக்கொள்கின்றன. ஜோடிதானா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: ஊட்டிக்கொள்வதை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டு ஆண்களும் தலையை ஆட்டி ஆட்டி ஊட்டிக்கொள்ளும். அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சுற்றியிருக்கும் வழவழப்பான பகுதிதான் அடையாளம். வளர்ந்த ஆணுக்கு அது நீலமாகவும், முட்டைக்குத் தயாரான பெண்ணுக்குப் பழுப்பாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். மற்ற காலத்தில் பெண்ணுக்கு வெளிறிய நீலமாகத் தெரிந்தாலும், துளையைச் சுற்றி வெண்மையான வளையம் இருக்கும். பலரையும் ஏமாற்றுவது இதுதான்.

வெள்ளை உடலும் சிவப்புக் கண்ணும் உள்ளவற்றுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அந்த வகை ஆணுக்கு ஆயுள் முழுவதும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். உங்கள் பறவைகளுக்கு ஓராண்டு கடந்திருந்து, இரண்டுக்கும் வெள்ளை வளையம் இல்லாமல் ஒரே சீரான இளஞ்சிவப்பு என்றால், அவை பெரும்பாலும் இரண்டு ஆண்கள். ஏமாந்துவிட்டோமே என்று வருந்தாதீர்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்தால் சண்டை மிகக் குறைவு, முட்டைத் தொல்லையும் இல்லை. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் இறகை வைத்து டி.என்.ஏ. சோதனை செய்யலாம்.

மற்ற நிறப் பறவை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: பல காலம் நீலமாக இருந்த ஆணின் மூக்குப் பகுதி பழுப்பாக மாறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். விந்தகத்தில் கட்டி வந்திருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

கேள்வி: ஒரு ஆண், இரண்டு பெண் வைத்திருக்கிறேன். ஒரு பெண் இன்னொன்றின் காலில் ரத்தம் வரும்படி கடித்துவிட்டது. ஏன்?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: தம்பி, கடிபட்டதை இன்றைக்கே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். பட்ஜிகளில் முரட்டுத்தனம் பெண்ணுக்குத்தான் அதிகம். காட்டில் பொந்துக்காகப் போட்டியிடுவது பெண்களே. சிறிய கூண்டில் தோற்றது தப்பி ஓட இடமில்லாததால் கொல்லும் வரைகூடப் போகும். ஆண்கள் பெண்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். கூண்டும் உயரத்தைவிட நீளத்தில் பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் பட்ஜி பக்கவாட்டில்தான் பறக்கும். இரண்டு பறவைகளுக்கு இரண்டரை அடி நீளமாவது வேண்டும்.

கேள்வி: என் மனைவி ஆசையாக வளர்த்த ஜோடியில் பெண் பறவை இறந்துவிட்டது. ஆண் சரியாகத் தின்பதில்லை, கத்திக்கொண்டே இருக்கிறது. இன்னொரு பெண் வாங்கி விடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: துணை அவசியம் தேவை, ஐயா. கூட்டமாக வாழப் பிறந்த பறவை தனிமையில் வாடுவது உண்மை. ஆனால் முதலில் இருப்பதை மருத்துவரிடம் காட்டுங்கள். இறந்த பறவைக்கு இருந்த நோயே இதற்கும் இருக்கலாம், தின்னாதது அதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அது நலம் என்று தெரிந்த பிறகு புதிய பறவையை வாங்கி, ஒரு மாதம் வேறு அறையில் தனியாக வைத்துக் கவனியுங்கள். பட்ஜி போன்ற கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதர்களின் நுரையீரலுக்கும் தொற்றும் நோய் ஒன்று உண்டு. எனவே கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் அணிந்து, எச்சத்தை ஈரப்படுத்தித் துடையுங்கள். மாதம் முடிந்ததும் இரண்டு கூண்டுகளையும் அருகருகே சில நாட்கள் வைத்துப் பிறகு ஒன்று சேருங்கள்.

பெண்ணே வேண்டும் என்பதில்லை. குஞ்சு வளர்க்கும் எண்ணம் இல்லையென்றால் இன்னொரு ஆணை வாங்குங்கள். பேச்சுத் துணைக்கும் பாட்டுக்கும் ஆண்தான் பொருத்தம். அதுவரை அந்தப் பறவையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் அதற்கு உதவும்.

கேள்வி: பட்ஜி ஜோடியோடு ஒரு பச்சைக்கிளியையும் சேர்த்து வைக்கலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: கூடாது. பச்சைக்கிளியின் ஒரு கடியில் பட்ஜியின் விரல் போய்விடும். அதைவிட, நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்களிடம் ஏற்கெனவே கிளி இருந்தால் வனத்துறையிடம் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்கள் ஜோடிக்குப் பிறந்த குஞ்சுகள் பெற்றோரோடு ஒரே கூண்டில் வளர்கின்றன. அண்ணன் தங்கை என்று அவற்றுக்குத் தெரியுமா? கூட்டம் அதிகமானால் சிலவற்றைத் திறந்துவிடலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அண்ணன் தங்கை என்று ஒதுங்காது. நான்கைந்து மாதத்திலேயே ஜோடி சேர்ந்துவிடும், அவற்றின் குஞ்சுகள் நோஞ்சானாகப் பிறக்கலாம். எனவே தினையைத் தானே உடைத்துத் தின்னத் தொடங்கி, ஊட்டலை முழுதாக மறந்ததும், ஏழாவது வாரவாக்கில் பெற்றோரிடமிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து மூக்கின் நிறத்தைப் பார்த்து ஆண்களை ஒரு கூண்டிலும் பெண்களை இன்னொரு பெரிய கூண்டிலும் வையுங்கள். இனப்பெருக்கம் செய்ய விரும்பினால் வேறு வீட்டுப் பறவையோடு, ஓராண்டு முடிந்த பிறகு மட்டுமே.

திறந்துவிடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கூண்டில் பிறந்த பட்ஜிக்கு இங்கே இரை தேடத் தெரியாது. நிறத்தைப் பார்த்ததும் காகம் துரத்தும், பெரும்பாலும் அன்று மாலைக்குள் உயிர் போய்விடும். வைத்துக்கொள்ள முடியாத குஞ்சுகளை, பானை இல்லாமல் வளர்க்க ஒப்புக்கொள்ளும் வீட்டுக்குக் கொடுங்கள்.